கிட்னி வருத்தமா? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். வேலை செய்த கடைசி வருடங்கள் முழுவதும் மருத்துவ கிளினிக்கில்தான் போயின. ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. சிவன் கோயிலடியில் நின்றாலும், காலையில் மீன் வாங்கப் போனாலும் யாராவது ஒரு ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு வந்து, "மிஸ், இதை ஒருக்கால் பாருங்கோ" என்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இதை வாசித்துவிட்டு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். வைத்தியரிடம் எதைக் கேட்பது, எப்போது தாமதிக்காமல் ஓடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் முதலில் என்ன தெரியும்?

பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கேட்பவர்களுக்கு இந்தப் பதில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, 1 முதல் 2 லீற்றரை மட்டும் சலமாக வெளியே விடுகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவ்வளவு கையிருப்பு இருப்பதால்தான், ஒன்றைத் தானம் கொடுத்தவர் மற்றதோடு சுகமாக வாழ முடிகிறது. அதே கையிருப்புத்தான் வருத்தத்தையும் மறைத்துவிடுகிறது. பாதி வேலை நின்றுபோன பிறகும் மனிதர் வயலுக்குப் போவார், சைக்கிள் மிதிப்பார், கல்யாண வீட்டில் பானை தூக்குவார். களைப்பு, ஓங்காளம், வீக்கம் என்று உடம்பு பேசத் தொடங்கும்போது அநேகமாக நேரம் பிந்தியிருக்கும்.

அதற்கு வருடக்கணக்கில் முன்னாலேயே சலத்தில் புரதம் கசியத் தொடங்கியிருக்கலாம், இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறத் தொடங்கியிருக்கலாம். இரண்டையும் பார்க்கச் சிறிது இரத்தமும் ஒரு சிறு போத்தல் சலமும் போதும்.

சரி, உடம்பில் தெரிகிற அறிகுறிகள் என்னென்ன?

சலத்தில் அடங்காத நுரை, காலையில் கண்ணைச் சுற்றி அதைப்பு, பின்னேரம் காலில் வீக்கம், இரவில் வழக்கத்துக்கு மாறாக இரண்டு மூன்று தடவை சலத்துக்கு எழும்புவது, கட்டுக்குள் வராத பிரஷர். இவை ஓரளவு முன்னதாக வரக்கூடியவை.

வருத்தம் முற்றும்போது வருபவை வேறு. சாப்பாட்டில் பிரியம் போய்விடும், வாயில் இரும்பு கரைந்தது போல ஒரு ருசி இருக்கும், காலையில் ஓங்காளிக்கும். தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பெல்லாம் கடிக்கும். இரவில் கெண்டைக்கால் பிடிக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இரத்தம் ஊறச் செய்கிற ஒரு ஹோர்மோனைச் சிறுநீரகம்தான் சுரக்கிறது. அது குறைந்தால் இரத்தசோகை வரும், முகம் வெளிறும், எவ்வளவு நித்திரை கொண்டாலும் அலுப்புத் தீராது. "வயது போகிறதுதானே" என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் ஏராளம். இரும்புச்சத்துக் குளிசை குடித்தும் இரத்தம் ஏறவில்லை என்றால் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் சலம் நுரைக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேகமாக விழுந்தால் எல்லாருடைய சலமும் கொஞ்சம் நுரைக்கும். அது பெரிய பெரிய குமிழியாக வந்து உடனேயே உடைந்துவிடும். கவனிக்க வேண்டிய நுரை வேறு மாதிரி. சிறிய குமிழிகளாக, அடுக்கடுக்காக, வெள்ளையாக நிற்கும். சில நிமிடம் கழித்துப் பார்த்தாலும் இருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முட்டையின் வெள்ளைக்கருவைக் கரண்டியால் அடித்துப் பார்த்திருப்பீர்கள். எப்படி நுரைத்து எழும்புகிறது! அதில் இருப்பதைப் போன்ற ஒரு புரதம்தான் நம் இரத்தத்திலும் இருக்கிறது, அல்புமின் என்று பெயர். நல்ல வடிகட்டி அதை வெளியே விடாது. வடிகட்டி கிழியத் தொடங்கினால் அது சலத்தோடு போகும், சலம் நுரைக்கும். ஒரு நாள் நுரைத்ததற்காகக் கலங்க வேண்டாம். ஒரு கிழமை தொடர்ந்து பார்த்தால் சலத்தைப் பரிசோதித்துவிடுங்கள். சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர் அந்த ஒரு கிழமைகூடப் பொறுக்கத் தேவையில்லை.

நுரை இல்லை என்பதால் புரதம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் போகிற சிறிய அளவு கண்ணுக்குத் தெரியாது.

கால் வீங்கினால் கிட்னிதானா?

பல காரணங்கள் உண்டு. இதயம், ஈரல், நாளங்கள் தளர்ந்துபோதல், அம்லோடிபின் போன்ற பிரஷர் குளிசை, பஸ்ஸில் கொழும்புவரை காலைத் தொங்கவிட்டு இருந்தது என்று எதுவும் காரணமாகலாம். வீட்டில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பின் மீது பெருவிரலை வைத்து மெதுவாகப் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகு பள்ளம் அப்படியே நின்றால் அது நீர் வீக்கம். கழற்றிய செருப்பின் வார் தோலில் ஆழமாகப் பதிந்திருப்பதும், கையில் மோதிரம் திடீரென்று இறுகுவதும் அதைத்தான் சொல்கின்றன.

நீர் வீக்கம் என்று கண்டால் காரணம் எதுவானாலும் வைத்தியரிடம் போக வேண்டும். நீர்க்குளிசையைப் பாமசியில் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். வீக்கம் வற்றிவிடும், காரணம் உள்ளேயே இருக்கும்.

எனக்கு எந்நேரமும் நாரி வலி. கிட்னியாக இருக்குமோ?

அநேகமாக இல்லை. குனிந்தால் நிமிர்ந்தால் கூடுகிற, பாயில் படுத்தால் குறைகிற நாரி வலி தசையிலும் முள்ளந்தண்டிலும் இருந்து வருவது. நாட்பட்ட சிறுநீரக வருத்தம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலிக்காததால்தான் பிந்திப்போகிறது.

சிறுநீரகத்திலிருந்து வரும் வலி விலா எலும்பு முடிகிற இடத்தில், முதுகின் ஒரு பக்கத்தில் இருக்கும். கல் இருந்தால் அது அலை அலையாக வந்து, முன்பக்கமாக இறங்கி, அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் ஓடும். ஆள் ஓரிடத்தில் இருக்க மாட்டாமல் துடிப்பார். அதோடு குளிரும் காய்ச்சலும் சேர்ந்தால் அடைப்போடு கிருமித் தொற்றும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை அது.

சலத்தின் நிறத்தில் என்ன பார்ப்பது?

வைக்கோலின் வெளிர் மஞ்சள் நல்லது. கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை, முதலில் குடித்துப் பாருங்கள். பிளேன்டீ நிறம் என்றால் இரத்தமாக இருக்கலாம், மஞ்சள் காமாலையாகவும் இருக்கலாம், வெயிலில் உடம்பை முறித்து வேலை செய்ததில் தசை சிதைந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் காட்ட வேண்டும். முதல் நாள் பீற்றூட் கறி சாப்பிட்டிருந்தாலும் சிவக்கும், சயரோகக் குளிசை குடிப்பவருக்குச் செம்மஞ்சளாகப் போகும், அவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள்.

வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை இரத்தம் போய் நின்றுவிட்டால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். வயதானவர்களில், அதிலும் சிகரெட் பிடித்தவர்களில், அது சலப்பையில் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

கிரியேட்டினின் 1.2 என்று வந்திருக்கிறது. லாப் தாளில் நோர்மல் என்று இருக்கிறது. சரிதானே?

யாருடைய 1.2 என்பதைப் பொறுத்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமாக உள்ளவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மெலிந்தவருக்கும் முதியவருக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று கணக்கிடுவார்கள். அதன் பெயர் இ.ஜி.எஃப்.ஆர்.

கணக்கைப் பாருங்கள். 25 வயது வாலிபனுக்கு 1.2 மில்லிகிராம் என்றால் இ.ஜி.எஃப்.ஆர் சுமார் 86 வரும். வேறு கோளாறு இல்லையென்றால் கவலை இல்லை. அவனுடைய 65 வயது அம்மம்மாவுக்கும் அதே 1.2 என்றால் சுமார் 50தான் வரும். அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக வருத்தத்தின் மூன்றாம் நிலை. ஒரே தாள், ஒரே எண், இரண்டு கதை. எத்தனையோ அம்மாமாரின் கிளினிக் கொப்பியில் இந்த 1.2ஐயும் 1.3ஐயும் வருடக்கணக்காகக் கண்டிருக்கிறேன். யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, "டொக்டர், இ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

90க்கு மேல் நல்லது. 60 முதல் 89 வரை, சலத்தில் புரதமோ ஸ்கேனில் கோளாறோ இல்லையென்றால், வருத்தம் என்று சொல்வதில்லை. 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் வருத்தம். 30க்குக் கீழே போனால் சிறுநீரக விசேட வைத்தியர் பார்க்க வேண்டும். 15க்குக் கீழே போனால் டயலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வரும். சில தாள்களில் கிரியேட்டினின் மைக்ரோமோலில் இருக்கும். 106 என்று கண்டு பயந்து ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் நம்முடைய 1.2தான். 88.4ஆல் பிரித்தால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.

என்னென்ன பரிசோதனை, எங்கே செய்வது?

இரத்தத்தில் கிரியேட்டினின், சலத்தில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். விகிதம் 1 கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். சாதாரண சலப் பரிசோதனையும் பிரஷரும் கூடவே பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். கிரியேட்டினினுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, ஆனால் முதல் நாள் இரவு இறைச்சியை வெட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், எண் கூடிக் காட்டும்.

பட்டினத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய் பக்கத்தவர்களுக்கு அங்கங்கே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களும் அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்து இயங்குகின்றன. சீனி வருத்தம், பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரக வருத்தம் இருந்தவர்கள், கல் வந்தவர்கள், 60 தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வேளாண்மை செய்பவர்கள் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சீனி இப்போது தானாகவே குறைகிறது. குளிசையைக் குறைத்தும் இறங்குகிறது. நல்லதுதானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நின்று பதில் சொல்வேன். பத்துப் பதினைந்து வருடச் சீனி வருத்தக்காரர், சாப்பாட்டில் ஒன்றையும் மாற்றாமல், திடீரென்று சீனி குறைந்து வியர்த்து நடுங்குகிறார் என்றால் அது சுகம் வந்த அடையாளமாக இல்லாமல் போகலாம். இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சில சீனிக் குளிசைகளும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சோர்ந்தால் மருந்து உடம்பிலேயே தங்கி, போட்ட அளவைவிடக் கூடுதலாக வேலை செய்யும்.

ஒரு ஐயா இப்படித்தான் வந்தார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், கோயிலுக்கு நேர்த்திகூட வைத்திருந்தார்கள். "மகள், எனக்குச் சீனி மாறிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே கொப்பியை நீட்டினார். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது இ.ஜி.எஃப்.ஆர் 20க்குக் கீழே. அந்தச் சிரிப்பு இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வலிக் குளிசை கிட்னியைக் கெடுக்குமா?

கெடுக்கும், எல்லாம் அல்ல. டைக்லோஃபெனக், ஐபுபுரொஃபன், மெஃபனாமிக் அசிட் போன்றவை சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சுகதேகி ஒருவர் பல்லு வலிக்கு இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் போடுவதும், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போடுவதும்தான் ஆபத்து. முதியவர்களுக்கும், பிரஷர் குளிசையோடும் நீர்க்குளிசையோடும் சேர்த்துப் போடுபவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட.

திருக்கடலூரில் ஒரு அண்ணன். இரவு முழுக்கக் கடல், வெயில் ஏறியபிறகுதான் கரை. நாரி பிடிக்கும், கடைக்குப் போய் "அந்தச் சின்னக் குளிசை" என்று இரண்டு வாங்கிப் போடுவார். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு ஷொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பாதி கிழித்த அட்டைகள், எல்லாம் டைக்லோஃபெனக், மூன்று வெவ்வேறு பெயரில். கடலில் வியர்த்து உப்பும் தண்ணீரும் போன உடம்பில் இது விழுந்தால் இரண்டு பக்கமும் அடி. கடைக்காரரையும் அவரையும் நான் குறை சொல்லவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வலிக்கு முதலில் பரசிட்டமோல், சொன்ன அளவில். அதற்கும் அடங்காவிட்டால் வைத்தியர். பாமசியில் எது வாங்கினாலும் "எனக்குச் சீனி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

லொசார்ட்டன் குடித்தால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

நேர்மாறு. லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசைகள் புரதக் கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பவை. தொடங்கும்போது கிரியேட்டினின் சற்று ஏறலாம், பொட்டாசியமும் ஏறலாம், அதனால்தான் இரண்டொரு கிழமையில் திரும்ப இரத்தம் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தவறவிடாதீர்கள். வயிற்றோட்டமும் வாந்தியுமாகக் கிடக்கும் நாட்களில் இந்தக் குளிசையைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டி வரலாம். அது உங்களுக்குப் பொருந்துமா என்று அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு, கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதவி ஸ்ரீபுரப் பக்கம் கிட்னி வருத்தம் அதிகம் என்கிறார்கள். நம் கிணற்றுத் தண்ணீரும் அப்படியா?

1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் கமக்காரர்களிடையே ஒரு சிறுநீரக வருத்தம் பரவலாகக் காணப்பட்டு வருகிறது. மதவாச்சி, பதவியா, பொலன்னறுவைப் பக்கங்கள் அதற்குப் பெயர்போனவை. அந்த வலயத்தின் ஓரம் நம் மாவட்டத்துக்குள்ளும் வருகிறது, பதவி ஸ்ரீபுர அங்கேதான். சீனியோ பிரஷரோ இல்லாத, வயலில் வேலை செய்யும் நடுத்தர வயது ஆண்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், வெயிலில் தண்ணீர் வற்றும் உடம்பு, பூச்சி கொல்லி, களை கொல்லி என்று பலவற்றையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இது ஒன்றுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை, பலதும் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதே பலருடைய எண்ணம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வருத்தம் சிறுநீரகத்தின் குழாய்களில் தொடங்குகிறது. ஆரம்பத்தில் சலத்தில் புரதம் கொஞ்சமாகவே போகும், பிரஷரும் ஏறாமல் இருக்கலாம். சலப் பரிசோதனை மட்டும் செய்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. கந்தளாய், கோமரங்கடவல, பதவி ஸ்ரீபுர, தம்பலகாமம் என்று எங்கே வயல் செய்தாலும் இரத்தத்தில் கிரியேட்டினினைக் கேட்டுப் பாருங்கள்.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரைக் குடித்த எல்லாருக்கும் கல் வரும் என்று இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் புளோரைட் போகாது. பாதிக்கப்பட்ட ஊர்களில் ஆர்.ஓ. என்ற முறையில் புளோரைட்டையும் வடித்தெடுக்கும் தண்ணீர் நிலையங்கள் வைத்திருப்பது அதனால்தான். அங்கே இருப்பவர்கள் குடிக்கவும் சமைக்கவும் அதையே பாவியுங்கள்.

வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல். அதற்கும் கிட்னிக்கும் என்ன?

நிறைய உண்டு. எலிக்காய்ச்சல் எலியின் சலம் கலந்த சேற்றுத் தண்ணீரில் இருந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போவது. கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலைத் தொட்டாலே நோவு, கண் சிவப்பு. இரண்டு மூன்று நாளில் சலம் குறையத் தொடங்கினால் சிறுநீரகம் தாக்கப்படுகிறது என்று அர்த்தம். வைத்தியரிடம் "நான் வயலில் இறங்கினேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் டெங்கு என்றே நினைக்கக்கூடும். நேரத்துக்கு மருந்து கிடைத்தால் இந்தச் சிறுநீரகங்கள் பெரும்பாலும் திரும்பிவிடும். விதைப்புக்கு முன்னரே தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியன் கடித்தாலும் சிறுநீரகம் சட்டென்று நின்றுபோகலாம். கட்டாதீர்கள், கீறாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு.

தண்ணீர் நிறையக் குடித்தால் கிட்னி கழுவுப்படுமாமே? இளநீர்?

கல் வராமல் இருக்கவும், வெயிலில் உழைக்கும்போதும் தண்ணீர் அவசியம். ஆனால் பழுதான வடிகட்டியைத் தண்ணீர் கழுவித் திருத்தாது. ஏற்கெனவே வீக்கமோ மூச்சுத் திணறலோ இருப்பவர் அளவில்லாமல் குடித்தால் அது நெஞ்சில் கட்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சுகதேகிக்கு அருமையான பானம், சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு இதயத் துடிப்பையே குழப்பக்கூடியது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். நம்முடைய கருவாடும் மாசியும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

சிறுபீளை, நெருஞ்சில் அவித்துக் குடிக்கலாமா? பிலிம்பிக்காய்ச் சாறு?

சலக் கடுப்புக்கு நெருஞ்சில் அவித்துக் குடித்தவர்கள்தான் எங்கள் அம்மாமாரும். அவர்களை நான் பழிக்க மாட்டேன். ஆனால் கிரியேட்டினின் ஏறியவர் பரிசோதனையையும் மருந்தையும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் கசாயத்தை நம்பி இருந்தால், போன நாட்கள் திரும்பாது.

பிலிம்பிக்காயும் தமரத்தங்காயும் வேறு கதை. கறியில் இரண்டு காய் போடுவதில் பெரும்பாலும் தோஷமில்லை. சீனி குறையும், கொழுப்புக் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறாக அடித்துக் குடிப்பதுதான் ஆபத்து. அவற்றில் உள்ள ஒக்சலேட் சிறுநீரகக் குழாய்களில் பளிங்காகப் படிந்து, சில நாளிலேயே சலத்தை நிறுத்திவிடும். இலங்கையிலேயே இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர் தமரத்தங்காயைத் தொடவே கூடாது. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

பிள்ளைக்குக் காலையில் முகம் அதைத்திருக்கிறது. ஒவ்வாமைதானே?

இருக்கலாம். ஆனால் காலையில் கண் இமை வீங்கி, பின்னேரம் வற்றி, மறுநாளும் அதே மாதிரி வந்தால் சலத்தைப் பாருங்கள். சிறுபிள்ளைகளில் புரதம் கொட்டுகிற ஒரு வருத்தம் உண்டு. நேரத்துக்குக் கண்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தில் அடங்கும். தொண்டை நோவு வந்து ஒன்றிரண்டு கிழமையில், அல்லது சிரங்கு வந்து சில கிழமைகளில், சலம் பிளேன்டீ நிறமாகப் போய் முகமும் வீங்கினால் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.

கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது வழமைதானே?

கால் வீங்குவது வழமை. முகமும் கையும் வீங்குவது, தலையிடி, கண் மங்குவது, மேல்வயிற்று நோவு வழமை அல்ல. 20 கிழமைக்குப் பிறகு பிரஷர் ஏறிச் சலத்தில் புரதமும் போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சலம் கேட்பது இதற்குத்தான், சலிக்காமல் கொடுங்கள்.

வாப்பாவுக்குக் கிட்னி வருத்தம். நோன்பு பிடிக்கலாமா?

ரமழானுக்கு ஒரு மாதமாவது முன்னதாக வைத்தியரிடம் கேளுங்கள். ஆரம்ப நிலையில், எண்கள் ஆடாமல் இருக்கிற சிலருக்கு மருந்து நேரத்தை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றிக் கொடுத்து, இரத்தத்தையும் இடையில் பார்த்து அனுமதிப்பார்கள். வருத்தம் முற்றியவர், டயலிசிஸ் செய்பவர், இன்சுலின் போட்டுச் சீனி ஏறி இறங்குபவர் பிடிப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்பதை வாப்பாவிடம் ஒரு மௌலவி சொன்னால் அவர் மனம் ஆறும். கிண்ணியாவில் ஒரு குடும்பம் அப்படித்தான் மௌலவியை வீட்டுக்கே கூட்டிவந்து பேசவைத்தது. கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் இல்லாமல் இருக்கும் நம்முடைய அம்மாமாருக்கும் இதே பதில்தான்.

எப்போது விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது?

அரை நாளாகச் சலமே போகவில்லை என்றால். அடிவயிறு உப்பி, முக்கியும் சொட்டாக மட்டும் வருகிறது என்றால். படுத்தால் மூச்சு முட்டி எழும்பி உட்கார வேண்டியிருந்தால். வருத்தம் தெரிந்த ஒருவர் தடுமாறிப் பேசினால், மயங்கினால், வலிப்பு வந்தால். நெஞ்சு படபடத்துக் கைகால் சோர்ந்து விழுந்தால். முதுகு நோவோடு குளிர்காய்ச்சல் வந்தால். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். போகும்போது கிளினிக் கொப்பியையும், வீட்டில் உள்ள எல்லாக் குளிசை அட்டைகளையும், கசாயப் போத்தல் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு இ.ஜி.எஃப்.ஆர் 18 என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

இன்னும் நிறையச் செய்யலாம். பிரஷரைப் பெரும்பாலும் 130/80க்குக் கீழே வைப்பார்கள். சீனி, இரத்தசோகை, பொட்டாசியம் எல்லாவற்றையும் கவனித்தால் சிலர் இந்த எண்ணிலேயே வருடக்கணக்காக இருக்கிறார்கள். சாப்பாட்டில் எதைக் குறைப்பது என்பது அவருடைய இரத்த ரிப்போர்ட்டைப் பொறுத்தது. பக்கத்து வீட்டாருக்குச் சொன்னதை அம்மாவுக்குச் செய்து பட்டினி போடாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடக்கையைப் பத்திரப்படுத்துங்கள். இரத்தம் எடுப்பதோ சேலைன் ஏற்றுவதோ அந்தக் கையில் வேண்டாம் என்று போகிற இடமெல்லாம் சொல்லுங்கள். பின்னொரு நாள் டயலிசிஸ் தேவைப்பட்டால் அந்தக் கையின் நாளங்களைத்தான் இணைத்து ஃபிஸ்டுலா செய்வார்கள், அது முதிர்ந்து ஊசி ஏற்கக் கிழமைகள் எடுக்கும். செய்த பிறகு தினமும் காலையில் அதன்மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மடியில் படுத்த பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு கைக்குத் தெரியும். ஒரு நாள் அந்த அதிர்வு இல்லையென்றால், அடுத்த டயலிசிஸ் நாள் வரட்டும் என்று இருக்காமல், அந்த மணியிலேயே அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.